ஒன்றாம் தேதி எடை

எழுபத்தெட்டு புள்ளி நான்கு. ஆபீஸ் மருத்துவ முகாமில் நர்ஸ் எழுதிக் கொடுத்த சீட்டை இரண்டாக மடிக்கும்போது மாரீஸ்வரிக்கு அது தன்னுடைய எண் இல்லை என்றே தோன்றியது. முன்னால் ஏறி இறங்கிய ஜீப் டிரைவருடைய எடையில் கொஞ்சத்தை மிஷின் கீழே விடாமல் வைத்திருந்திருக்கும், அதையும் சேர்த்துத் தன் தலையில் கட்டிவிட்டது என்று ஒரு நொடி நம்பினாள். அப்புறம் நம்பிக்கை போய்விட்டது. டிரைவர் ஒல்லி. அவருக்கு ஐம்பத்தொன்பது. நர்ஸ் சத்தமாகப் படித்ததை வரிசையே கேட்டது. தன்னுடையதை மட்டும் நர்ஸ் மெதுவாகச் சொன்னாள், நல்லவள், ஆனால் அப்படி மெதுவாகச் சொன்னதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. மீட்டிங் ஹாலுக்கு வெளியே வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள், கை வைத்தவை, கை வைக்காதவை. அவள் கை வைக்காததைப் பார்த்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான், தான் பார்த்துத்தான் உட்கார்ந்தோம் என்பது உறைத்தது. எத்தனை நாளாக இப்படிப் பார்த்து உட்கார்கிறோம்? ஷேர் ஆட்டோவில் நடு இருக்கையை விட்டு ஓரத்துக்குப் போவது, மாடிப்படியில் பாதியில் நின்று போனை எடுத்துப் பார்ப்பதுபோல மூச்சு வாங்கிக்கொள்வது, சுடிதாரில் அக்குள் தையலைப் பிரித்து உள்ளே விட்டிருக்கும் துணியைக் கொஞ்சம் வெளியே எடுத்துத் தைப்பது. அவள் உடம்புக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. அவளிடம் சொல்லத்தான் இன்று ஒரு மிஷின் வேண்டியிருந்தது. எதிர்ச் சுவரில் அட்டவணை ஒட்டியிருந்தார்கள். பக்கவாட்டில் உயரம், மேலே எடை, நடுவில் பச்சை, மஞ்சள், சிவப்பு. நூற்று ஐம்பத்தாறு சென்டிமீட்டருக்கு நேராகக் கண்ணை ஓட்டினாள். நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தாறு வரை பச்சை. அறுபத்தொன்று வரை மஞ்சள். அதற்கப்புறம் சிவப்பு, சிவப்பு, சிவப்பு. எழுபத்தெட்டுக்குப் போவதற்குள் கண் களைத்துவிட்டது. மணி பத்து ஐம்பது. டோக்கன் முப்பத்தேழு. உள்ளே டாக்டரம்மா இருபத்தொன்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றரைக்கு அம்மா போன் செய்வாள். இன்று ஒன்றாம் தேதி.

ஒன்றாம் தேதி என்றால் அம்மாவுக்கு எடை நாள். விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர் அங்கன்வாடியில் அம்மா வேலம்மாள் உதவியாளர், ஊரில் ஆயா என்பார்கள். இருபத்திரண்டு வருடமாக மாதத்தின் முதல் வேலைநாளில் விட்டத்துக் கொக்கியில் தராசைத் தொங்கவிட்டு, முள் சைபரில் நிற்கிறதா என்று இரண்டு தடவை பார்த்து, பிள்ளைகளின் செருப்பையும் அரைஞாண் கயிற்றில் கட்டிய சாவிக்கொத்தையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகத் துணித் தொட்டிலில் வைத்துத் தொங்கவிடுவாள். பிள்ளை காலை உதைத்து அழும். அழுகிற பிள்ளையின் முள் ஆடும். ஆடுகிற முள்ளை எழுதக்கூடாது, நிற்கும்வரை பொறுக்கணும் என்பாள் அம்மா. ஸ்டெல்லா டீச்சர் அட்டையில் புள்ளி வைப்பார். போன மாதப் புள்ளியிலிருந்து கோடு மேலே போனால் நல்லது. படுத்தால் கவலை. இறங்கினால் அன்று மாலையே அம்மா அந்த வீட்டு வாசலில் போய் நிற்பாள். மிகவும் கீழே கிடக்கிற பிள்ளைகளுக்கு டீச்சர் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைப்பார். மாரீஸ்வரியும் ஒரு காலத்தில் சிவப்புப் பென்சில் பிள்ளைதான். மூன்று வயதில் எட்டு கிலோ இருநூறு. அந்த மையத்தில் அம்மா வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அது. ஊர்ப் பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருட்டிக் கொடுக்க வந்தவளின் சொந்தப் பிள்ளை சிவப்பு. டீச்சர் பென்சிலை நீட்டி, நீயே வை வேலம்மா, என்றாராம். அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாளாம். டீச்சரே வைத்தார். அந்த அட்டை இன்னும் இருக்கிறது, டிரங்குப் பெட்டியில், ரேஷன் கார்டோடு. அட்டை ஐந்து வயதோடு முடிந்துவிடும். அம்மா முடிக்கவில்லை. பின்னால் ஒரு கட்டம் போட்ட தாளை ஒட்டி, ஸ்கேல் வைத்து, வயது ஆறு, ஏழு, எட்டு என்று தானே எழுதிக்கொண்டாள். தாள் தீர்ந்தால் அடுத்த தாள். இப்போது அது விரித்தால் பாய் மாதிரி நீளும். அதில் கோடு ஏறிக்கொண்டே இருக்கிறது, பத்தாவது, பன்னிரண்டாவது, கல்லூரி, வேலை. ஏறுகிற கோடு எங்கே படுக்க வேண்டும் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. ஐந்து வயதுக்கு மேலே அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை. அது சரி, எம்.காம். படித்த தனக்கு யார் சொன்னார்கள்?

"என்னடி, சீட்டையே கசக்கிக்கிட்டு இருக்க? பரீட்சையில ஃபெயிலா?" ரஹ்மத் அக்கா பக்கத்து நாற்காலியில், கை வைத்ததில், எந்தத் தயக்கமும் இல்லாமல் தன்னை உள்ளே செலுத்திக்கொண்டு உட்கார்ந்தார். இதே ஆபீஸில் டைப்பிஸ்ட், இவளைவிட இருபது வயது மூத்தவர். "எனக்கு எண்பத்தொன்பது. தொண்ணூறு வந்துறக் கூடாதேன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்." மூச்சைப் பிடித்தால் குறையுமா அக்கா என்றாள் மாரீஸ்வரி. "குறையாது. மனசுக்கு." அக்கா சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் வலது முழங்காலைத் தானாகத் தடவிக்கொண்டார், அது அவருக்கே தெரியவில்லை. "நீ சின்னப் பிள்ளை, உனக்கு என்ன? பூசுன மாதிரி லட்சணமா இருக்க. எலும்புக்கூடா வந்து சேந்த பொண்ணு, இப்பத்தான் ஆளாயிருக்கான்னு எங்க வீட்டுக்காரர்கிட்டக்கூடச் சொன்னேன்." இல்லையே, வந்து சேரும்போதே அறுபத்தைந்து அல்லவா, அது எலும்புக்கூடா என்று நினைத்தாள். எல்லோரும் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஊருக்குப் போனால் பஸ்ஸிலிருந்து இறங்கியதும், உடம்பு போட்டிருக்கு, இப்பத்தான் பாக்க ஆபீஸர் மாதிரி இருக்கு என்பார்கள். கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற அப்பாவின் மகள் ஃபேன் அடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்பதற்கு அவள் கன்னம்தான் அத்தாட்சி. அந்த அத்தாட்சியைக் குறைக்கப் போகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? சீக்கா தாயி என்பார்கள். "அக்கா, சரியான எடைன்னா என்னக்கா?" என்று கேட்டாள். அக்கா யோசித்தார். "என் நிக்காஹ் அன்னைக்கு இருந்தது," என்றார். பிறகு, "அன்னைக்கும் எங்க மாமியா குண்டுன்னுதான் சொன்னாங்க," என்றார். உள்ளேயிருந்து முப்பத்தொன்று என்று குரல் வந்தது. அக்கா நாற்காலியோடு சேர்ந்து எழுந்தார். நாற்காலி ஒரு கணம் கூடவே வந்து பிறகு விட்டது. அதற்கும் அவர்தான் முதலில் சிரித்தார். மாரீஸ்வரி சிரிக்கப் போனாள், முடியவில்லை, அக்காவின் சிரிப்பில் எவ்வளவு சிரிப்பு என்று இன்றுதான் எண்ணத் தோன்றியது.

பச்சை என்றால் பதினொரு கிலோ அகலம். நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தாறுக்கும் நடுவில் ஒரு தெரு மாதிரி. இந்த முனையில் சிவப்பாகப் பிறந்து அந்த முனையில் சிவப்பாக நிற்கிறோம் என்றால் நடுவில் அந்தத் தெருவைக் கடந்துதானே வந்திருக்கிறோம், எப்போது கடந்தோம்? எந்த நாள்? அன்று என்ன உடுத்தியிருந்தோம்? முதலாண்டு கல்லூரியில் ரத்ததான முகாம். நாற்பத்துமூன்று. நாற்பத்தைந்து இருந்தால்தான் எடுப்போம், போய்ச் சாப்பிட்டுட்டு அடுத்த வருசம் வாம்மா என்று திருப்பி அனுப்பினார்கள். எல்லோரும் கையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு பிஸ்கட்டோடு வெளியே வர, அவள் வெறும் கையோடு வந்தாள். அந்த வருடம்தான் காலை வழிபாட்டில் மயங்கி விழுந்தது. ஆக ஒல்லி என்பதும் பதில் இல்லை. சுவரில் இருக்கிற பச்சை நாற்பத்துமூன்றையும் ஏற்றுக்கொள்ளவில்லை, அது அவளுக்கு ஒருவகையில் ஆறுதலாக இருந்தது. அட்டவணை யாரையும் அழகு பார்க்கவில்லை போல. மூன்றாம் ஆண்டில் ஐம்பத்தொன்று, ரத்தம் கொடுத்தாள், பஞ்சை இரண்டு நாள் எடுக்கவில்லை. அப்போது பச்சை! அப்போது பச்சைக்குள் நின்றுகொண்டுதான் கண்ணாடியில் கழுத்தெலும்பைப் பார்த்து வெட்கப்பட்டாள். தோழியின் துப்பட்டாவை இரண்டு மடிப்பாகப் போட்டு அதை மறைத்தாள். சரியாக இருந்த நாட்களில் சரியாக இருக்கிறோம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. பிறகு எம்.காம்., பிறகு தேர்வுக்காக இரண்டு வருடம் கோச்சிங் சென்டர் பெஞ்சு, காலை எட்டிலிருந்து ராத்திரிவரை உட்கார்ந்து உட்கார்ந்து, படிக்கிற பிள்ளைக்குச் சக்தி வேண்டும் என்று அம்மா கொடுத்தனுப்பிய எள்ளுருண்டையைப் பக்கத்துக்கு ஒன்றாகக் கடித்துக்கொண்டு. எத்தனையாவது பக்கத்தில் ஐம்பத்தாறைத் தாண்டினாள்? தெரியாது. தாண்டும்போது சத்தம் கேட்பதில்லை.

எழுபதுக்குத்தான் சத்தம் கேட்டது. இல்லை, கேட்கும் என்று பயந்தாள். போன வருடம் மருந்துக்கடை மிஷினில் அறுபத்தெட்டு, அதை அம்மாவிடம் சொன்னாள், அம்மா அட்டையில் வைத்தாள். அடுத்த மாதம் மருந்துக்கடை வாசல்வரை போனாள். ஏறினால் எழுபது வரும் என்று கால் சொன்னது. ஏறவில்லை. அதே அறுபத்தெட்டுதாம்மா என்று போனில் சொல்லிவிட்டாள். அது பொய்யா? அன்று அது ஒரு ஊகம். அடுத்த மாதமும் அதே ஊகம். இப்போது பதினான்கு மாதம், பதினான்கு அறுபத்தெட்டு. வேறு எதிலும் அவள் பொய் சொல்கிறவள் இல்லை. ஆபீஸில் ஐந்து நிமிடம் தாமதம் என்றால் வருகைப் பதிவில் அந்த ஐந்து நிமிடத்தையும் எழுதுகிறவள், அதற்காகக் கேலியும் வாங்குகிறவள். ஆனால் அம்மாவுக்குப் படுத்த கோடு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். எடை ஏறாமல் நின்ற பிள்ளையை விடக்கூடாது. இரண்டாம் மாதமே பஸ்ஸில் ஒரு டப்பா வந்தது, கம்பும் பொட்டுக்கடலையும் வெல்லமும் நெய்யும் பிடித்த உருண்டை. மூன்றாம் மாதம் பெரிய டப்பா. கோடு படுக்கப் படுக்க டப்பா பெருத்தது. ஹாஸ்டல் அறையில் தனியாக உட்கார்ந்து அவள் அத்தனையையும் தின்றாள், பாதியைத் தூக்கிப்போடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்து, குப்பைக்கூடை வரை கொண்டுபோய், அம்மாவின் விரல் தடம் உருண்டையில் பதிந்திருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்து, தின்றாள். பொய்யை மறைக்கத் தின்ற மாதிரியும் இருந்தது. தின்றதை மறைக்கப் பொய் சொன்ன மாதிரியும் இருந்தது. எங்கிருந்து தொடங்கியது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. பக்கத்து ஊர் மையம் ஒன்றில் பிள்ளைகளைத் தூக்காமலே எடை எழுதிவிட்டார்கள் என்று ஒரு தடவை பேச்சு வந்தது. அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. எடையில பொய் எழுதுதது பிள்ளைக்கு வெசம் வைக்கிறதுதான் என்றாள். நாற்பது கிலோ இருக்கும் அம்மா. தனக்கென்று ஒருநாளும் தராசில் ஏறாதவள்.

முப்பத்திரண்டு. ரஹ்மத் அக்கா வெளியே வந்தார், முகத்தில் சிரிப்பு இல்லை, சுகர் இருக்காம்டி என்று மட்டும் சொல்லிவிட்டு, டீ சொல்லவா, சர்க்கரை இல்லாம, என்று கேட்டு, தன் ஜோக்குக்குத் தானே பாதி சிரித்து, படியிறங்கிப் போனார். ஒவ்வொரு படிக்கும் பக்கவாட்டாகத் திரும்பி இறங்கினார். மாரீஸ்வரி தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்தின் பின்பக்கத்தைத் தொட்டாள், அங்கே கறுப்பு படிந்திருக்கிறது, தேய்த்தால் போகவில்லை, வெயில் என்று நினைத்திருந்தாள். மூன்று மாதமாக வராத மாதவிலக்கை நினைத்தாள். எல்லாம் ஒரே நூலில் கோத்தவையா, தனித்தனியா? டாக்டரம்மா திட்டுவாரா? திட்டினால் அழுதுவிடுவோமா? அளவெடுத்த நர்ஸிடம் வரிசையில் நிற்கும்போதே மெதுவாகக் கேட்டிருந்தாள், ஐம்பத்தாறுக்கு வரணுமா சிஸ்டர். நர்ஸ் இடுப்பைச் சுற்றிய டேப்பை விடாமல், "முதல்ல ஆறு மாசத்துல நாலு கிலோ. அதுக்கே உள்ள நெறையா சரியாயிரும். ஐம்பத்தாறை இன்னைக்கே நினைக்காதீங்க. இந்த டேப்புல தொண்ணூத்தாறு காட்டுது பாருங்க, அது எண்பதுக்குப் பக்கமா வரணும், அதைத்தான் நான் பாப்பேன்," என்றிருந்தாள். நாலு கிலோ. ஆறு மாதம். மாதத்துக்கு முக்கால் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. சிவப்புப் பென்சில் பிள்ளையைத் தூக்கி நிறுத்துகிற கணக்கைவிட இது பெரிது, அங்கே கால் கிலோ ஏறினாலே அம்மா வீட்டுக்கு வந்து சொல்லுவாள். நாலு கிலோவை நினைத்தபோது மூச்சு கொஞ்சம் நேரானது. பதினான்கு மாதத்தை நினைத்தபோது மறுபடி முட்டியது. எழுபத்துநான்கு பொய்யில்லாத எண்ணாக ஒருநாள் வந்தாலும் அம்மாவிடம் எப்படிச் சொல்வது, அறுபத்தெட்டிலிருந்து எழுபத்துநான்கு என்றால் அங்கே அது ஏற்றம், உருண்டை பலித்தது என்று அடுத்த டப்பா வரும். இன்று அறுபத்தெட்டு என்று சொன்னால் நாளை எந்த எண்ணையும் சொல்ல முடியாது. போன் அதிர்ந்தது. பதினொன்று முப்பத்திரண்டு.

"ஏட்டி, சாப்பிட்டியா?" பின்னால் பிள்ளைகளின் இரைச்சல், ஒரு பிள்ளை உச்சத்தில் அழுதது. "இந்தா, தேவிகா மகன் அரைக்கிலோ கூடியிருக்கான். தொட்டில விட்டு இறங்க மாட்டேங்கான். ஒனக்கு எம்புட்டு தாயி?"

"எம்மா," என்றாள். நாக்கில் அறுபத்தெட்டு தயாராக இருந்தது, பதினான்கு மாதம் பழகிய சொல். "எழுபத்தெட்டு."

"எம்புட்டு?"

"எழுபத்தெட்டு புள்ளி நாலு."

அம்மா கேட்டாள், "செருப்பக் கழத்திட்டுத்தான நின்னே?"

"கழத்திட்டேன்."

"முள்ளு சைபர்ல நின்னுச்சா?"

"முள்ளு இல்லம்மா, நம்பர் வரும். சைபர்தான் இருந்துச்சு."

"போன மாசம் அறுபத்தெட்டுன்னே." குரல் இறங்கிவிட்டது. அம்மா பிள்ளைகளை விட்டு வெளியே, வேப்பமரத்தடிக்கு வந்திருக்க வேண்டும், இரைச்சல் தேய்ந்தது. "ஒரு மாசத்துல பத்துக் கிலோ எந்தப் பிள்ளைக்கும் ஏறாது."

"ஏறாதும்மா. நான் எடை பாக்கல. பதினாலு மாசமாப் பாக்காமலே சொன்னேன்." வராந்தாவில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், எதிரே அட்டவணை. "பயமா இருந்துச்சு. இது ரொம்பக் கூடுதலும்மா. இங்க சுவத்துல எழுதிப் போட்டிருக்காக. என் உசரத்துக்கு ஐம்பத்தாறுக்கு மேல போகக்கூடாதாம்."

"கூடுதல்னா," என்றாள் அம்மா. அந்தச் சொல்லை வாயில் வைத்துப் பார்ப்பது போல இருந்தது. "நான் பதினாலு மாசமும் கோடு படுத்துருச்சேன்னு... நெய்யி ஊத்தி ஊத்தி..." நிறுத்திக்கொண்டாள். மாரீஸ்வரி காத்திருந்தாள். ஆடுகிற முள் நிற்கட்டும். "ஐம்பத்தாறுன்னா சொன்னே? ஐம்பத்தாறு ஒனக்கு வந்துருக்கு. எனக்குத் தெரியும். எம்.காம். ரெண்டாம் வருசம், கார்த்திகை. கோடு வேகமா ஏறல, பிள்ளை தேறலன்னு அன்னைக்குத்தான் மொத டானிக்கு வாங்கிட்டு வந்தேன்."

கார்த்திகை. அப்படியென்றால் அந்த நாளுக்குத் தேதி இருக்கிறது. அவள் தொலைத்த பச்சை, டிரங்குப் பெட்டிக்குள், அம்மாவின் கையெழுத்தில், ஒரு புள்ளியாகப் பத்திரமாக இருந்திருக்கிறது. அன்று விளக்கு வைத்த வாசலில் அம்மா ஒரு மூடி டானிக்கை நீட்ட, அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். அவ்வளவுதான் அந்த நாள்.

"நீ தப்பா எழுதலம்மா. நான்தான் தப்பாச் சொன்னேன்," என்றாள்.

"டப்பாவுல எம்புட்டு மிச்சம் இருக்கு?"

"அரை டப்பா."

"யாருக்காச்சும் குடுத்துரு. மெலிஞ்ச ஆளாப் பாத்துக் குடு." அம்மா மூக்கை உறிஞ்சினாள். கதவு கிறீச்சிட்டது, பிள்ளைகளின் இரைச்சல் மறுபடி பெருகியது, ஏதோ பெட்டி திறந்து மூடியது. "இன்னைக்கு அட்டையக் கையோட கொண்டாந்தேன் பாரு. கோடு ஏறியிருக்கும், டீச்சருக்குக் காட்டலாம்னு." தாள் விரிகிற சத்தம், மடிப்புக்கு மடிப்பு, நெடுநேரம். "அந்தப் பதினாலையும் அழிச்சிருதேன்."

"அழிக்காண்டாம்மா. அடிச்சு மட்டும் விடு. இருக்கட்டும்."

"எழுபத்தெட்டு புள்ளி நாலு," என்றாள் அம்மா, எழுதுகிறவளின் குரலில். பிறகு நின்றாள். "ஏட்டி. எந்தப் பென்சிலு?"

உள்ளேயிருந்து நர்ஸ் முப்பத்தேழு என்றாள். மாரீஸ்வரி எழுந்தாள், செருப்பை வாசலில் விட்டாள். கசங்கிய சீட்டை உள்ளங்கையில் வைத்து நீவினாள்.

"சிவப்பும்மா."

"டீச்சரக் கூப்பிடவா?"

"வேண்டாம். நீயே வை."

முப்பத்தேழு, முப்பத்தேழு இல்லையா, என்று மறுபடி குரல் வந்தது. இருக்கேன் சிஸ்டர் என்று கையைக் காட்டினாள், ஆனால் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை, அங்கே அம்மா புள்ளியை வைத்து முடிக்கும்வரை.